ஒரு மூடியைத் திருகும் நேரம்

ஐயா, உனக்குத் தனியாக எழுதினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். மஞ்சள் நிறம், மேல் நோக்கியது. போன மாதம் செல்போனில் தட்டித் தட்டி உனக்கு நீளமாக ஒன்று எழுதினேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை அதில் சுற்றி வளைக்காமலே சொல்லியிருந்தேன். கட்டைவிரல் வந்தது. பயப்படுவதற்கு நீ அனுமதி கொடுத்ததாக அதை எடுத்துக்கொண்டேன். அதனால்தான் இப்போது அச்சில் எழுதுகிறேன். உன் நண்பர்களில் யாராவது இதைப் படித்துவிட்டு, 'உங்க அம்மா உன்னைப் பத்தி எழுதியிருக்காங்க' என்பார்கள். அப்போது நீ கடைசி வரி வரைக்கும் படிப்பாய். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் விடுகிற மனிதரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

நீ அடுத்த மாதம் ஐஸ்லாந்துக்குப் போகிறாய். ஏன் போகிறாய் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லியாக வேண்டும். தென்காசியில் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கும் உன் அப்பாவுக்கும் நல்ல பழக்கம். உயிர் இல்லாத பூமியில் முதன்முதலில் உயிர் எப்படி வந்தது, வேறு கிரகங்களில் அது இருந்தால் எதைப் பார்த்து அதைக் கண்டுகொள்வது என்று நீ ஆராய்கிறாய். அப்பாவின் மருந்துக் கடையில் இதை ஒருவர் விடாமல் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஒருவர் கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அண்ணாச்சி, உங்க பையன் பெங்களூர்ல என்ன பண்ணுதான்?"

"வேற கிரகத்துல உசுரு இருக்கான்னு பாக்கான்."

"இங்கன இருக்கிறது பத்தாதாக்கும்? சம்பளம் யாரு குடுக்கா?"

"கவர்மெண்டுதான்."

"அப்பச் சரி. உசுரு இருந்தா என்ன, இல்லாட்டா என்ன."

இதைவிடத் தெளிவாக உன் துறையைப் பற்றிய பொதுமக்கள் கருத்தை யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் நான் உன்னைக் கேலி செய்யும் தகுதி உள்ளவள் அல்ல. வேலையில் இருந்த காலம் முழுவதும் நானும் அதைத்தான் செய்தேன். அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அதைச் சரிபார்த்துப் பதிவு செய்யும் மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். உயிர் கண்டறியும் பணி என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். கைரேகை இயந்திரம் வந்த புதிதில், சாலைத் துறையில் தார் ஊற்றியே ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். தார்ச் சூட்டில் விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தன. எந்த விரலை வைத்தாலும் இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"நான் உசுரோடதான இருக்கேன் தாயி?"

"ரேகை விழலையே தாத்தா."

"அப்ப நாளைக்கு வாறேன். ராத்திரிக்குள்ள உசுரு வந்தாலும் வந்துரும்."

வேறு வழியில் பதிவு செய்து அவரை அனுப்பினேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய். அப்போது நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அம்மா, கருவிக்குத் தெரியலைன்னா உயிர் இல்லைன்னு அர்த்தம் இல்ல. கருவிக்குத் தெரியலைன்னுதான் அர்த்தம்" என்றாய். அதை நான் என் மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் அதை எழுத்துப்பூர்வமாகத் தரச் சொன்னார்.

உனக்கு இந்தப் பித்து கல்லூரியில் வந்ததும் அல்ல. சமையலறையில் ஒரு பல்லியின் வால் அறுந்து விழுந்து துடித்த நாளில் நீ முதல் வகுப்போ இரண்டாம் வகுப்போ. "இதுக்கு உசுரு இருக்கா?" என்று கேட்டாய். அப்பா இருக்கிறது என்றார், நான் இல்லை என்றேன். நாங்கள் இருவரும் வாதாடி முடிப்பதற்குள் வால் நின்றுவிட்டது. "இப்பப் போயிருச்சா? எங்கன போச்சு?" என்றாய். அதற்கும் எங்களிடம் இரண்டு பதில்கள் இருந்தன. நீ இரண்டையும் கேட்டுக்கொள்ளாமல் தரையில் குனிந்து, மூக்கு ஒட்டுகிற அளவுக்கு அந்த வாலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சாப்பிடக் கூப்பிட்டேன். நீ நிமிரவில்லை. அன்று அதில் பயப்பட ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. சோறு ஆறிப்போகிறது என்ற வருத்தம் மட்டும்தான்.

உன் ஆராய்ச்சி எனக்கு ஓரளவு புரியும். நீ ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகளைக் கரண்டியால் காட்டி விளக்கியதுதான். உயிருக்கு முதலில் வேண்டியது ஓர் உறை என்றாய். உள்ளே, வெளியே என்று இரண்டு இடங்கள் உண்டானால்தான் உள்ளே இருப்பதற்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும். சிலவகைக் கொழுப்புப் பொருள்கள் தண்ணீரில் விழுந்தால் தாமாகவே வளைந்து, ஓரத்தோடு ஓரம் சேர்ந்து, மிகச் சிறிய பைகளாக மூடிக்கொள்கின்றன. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கடலுக்கு அடியில் வெந்நீர் பீறிடும் இடங்களில் உயிர் தொடங்கியது என்று ஒரு கட்சி. பாறைக் குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கி, வெயிலில் வற்றி, மறுபடி தேங்கி, அப்படியே கெட்டியாகிக் கெட்டியாகித் தொடங்கியது என்று இன்னொரு கட்சி. நீ குழிக் கட்சி. குற்றாலத்துக்காரன் கடல் கட்சியில் சேர்ந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். நம் மலைப் பாறை உலகத்தின் பழைய பாறைகளில் ஒன்று என்றாய். அதில் சீசனுக்கு நிரம்பி, கோடையில் வற்றுகிற குழிகள் எத்தனையோ இருக்கின்றன. வேறு கிரகத்துக்கு அனுப்பப்போகிற கருவி ஒன்றை உங்கள் குழு செய்துகொண்டிருந்தது. அந்தக் கருவி ஒரு பாறைக் குழித் தண்ணீரில் எதைப் பார்க்கிறது, எதைப் பார்த்து ஏமாறுகிறது என்று சோதிப்பதற்காகத்தான் போன வருடம் சித்திரையில் நீ வந்தாய்.

அந்த நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன். இதுவரை எழுதியதெல்லாம் அதற்குப் போகாமல் இருப்பதற்காக எழுதியது.

காலையில் வெள்ளை உடுப்பு, கையுறை, தலைமூடி எல்லாவற்றையும் கட்டிலில் அடுக்கி வைத்திருந்தாய். உங்கள் தொழிலின் பெரிய பயம் என்ன என்று அன்றுதான் சொன்னாய். வேறு கிரகத்தில் உயிர் கிடைக்காமல் போவதல்ல. கிடைத்து, அது நாம் இங்கிருந்து ஒட்டிக்கொண்டு போனதாக இருந்துவிடுவது. அதற்காக விண்கலத்தைச் சுட்டு, துடைத்து, குழந்தையைப் போல மூடி அனுப்புகிறார்கள் என்றாய். இதைக் கேட்டுக்கொண்டே உன் அப்பா கிண்ணத்தில் நல்லெண்ணெயோடு வந்தார். ஊருக்கெல்லாம் ஆங்கில மருந்து விற்கிறவர், தன் வீட்டுக்கு நல்லெண்ணெயைத் தவிர எதையும் பரிந்துரைத்ததில்லை.

"உக்காருலே."

"அப்பா, நான் குளிக்கப் போகல. சாம்பிள் எடுக்கப் போறேன்."

"குத்தாலத்துக்குத்தான போற?"

"ஆமா."

"தண்ணிகிட்டதான நிப்ப?"

"ஆமா, ஆனா..."

"பொறவென்ன? வெயில்ல காஞ்ச தலையோட அந்தத் தண்ணிகிட்டப் போயி நின்னா நீர் கோத்துக்கிடும். எண்ணெய் தேய்க்காமக் குத்தாலம் போறவன் வெளியூர்க்காரன்."

முனைவர் பட்டம் வாங்கிய நீ தலையைக் குனிந்து உட்கார்ந்தாய். அவர் உச்சியில் வைத்து நான்கு தட்டுத் தட்டி, காதுமடல் வரைக்கும் வழித்துவிட்டார். தலைமூடி போடப் போகிறோமே, என்ன ஆகிவிடும் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்களையும் ஏற்றிக்கொண்டு கார் கிளம்பியது. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நாங்கள் மேட்டுப் பாறையில் உட்கார்ந்திருப்பது, நீ கீழே உன் வேலையைப் பார்ப்பது என்று ஏற்பாடு.

காட்டுக்குள் போகும் அந்த ஓடைக்குப் பெயர் சொல்ல மாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே வேன் பிடித்து, அடுப்போடு வந்து இறங்குவார்கள். வனத்துறை அனுமதியோடு நமக்குத் துணையாக ஒரு காவலர் வந்தார். மாரியப்பன் என்று வைத்துக்கொள்வோம். உன் வேலையில் அவருக்குத் துளி அக்கறை இல்லை. அவருடைய அக்கறை முழுவதும் ஆய்க்குடியில் நடந்துகொண்டிருந்த ஒரு கல்யாண வீட்டில் இருந்தது.

"சார், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு குழி பாக்கி அண்ணாச்சி."

"குழித் தண்ணியில அப்பிடி என்ன சார் இருக்கு?"

"அதைத்தான் பாக்கேன்."

"பாத்துக்கிட்டே இருங்க. அங்கன முதல் பந்தி எந்திரிச்சிருக்கும்."

பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அவர் ஓடையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். உன் அப்பா துண்டை விரித்துப் படுத்துவிட்டார். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை உடுப்பில், ஓடையின் நடுப்பாறையில் இரண்டு பெட்டிகளோடு குந்தி, ஒரு குழியின் மேல் குனிந்திருந்தாய். வியர்வை கண்ணில் இறங்கியது போலிருக்கிறது. மணிக்கட்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாய். எங்கள் தலைக்கு மேல் வானம் கழுவி விட்டது போல இருந்தது. மலையின் உச்சியில் மட்டும் கறுத்திருந்தது.

முதலில் நிறம் மாறியது. காலடியில் தெளிந்து ஓடிய நூல் போன்ற தண்ணீர் டீயின் நிறத்துக்கு வந்தது. அதன் மேல் சருகு வந்தது. சருகுக்குப் பின்னால் பச்சை இலை வந்தது. பச்சை இலை வந்தால் மேலே கிளை முறிகிறது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ள யாரும் வனத்துறையில் சேர வேண்டியதில்லை. இந்தப் பக்கம் பிறந்த எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தது. கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் மாரியப்பன் கத்திவிட்டார். அதுவரைக்கும் வாய்க்கு வாய் 'சார்' போட்டவர், ஒரு நொடியில் உன்னைப் பதவியிறக்கம் செய்துவிட்டார்.

"ஏலே! தண்ணி வருதுலே! ஏறு! ஏறுலே மேல!"

நீ நிமிர்ந்தாய். ஓடையைப் பார்த்தாய். இலையைப் பார்த்தாய். உனக்கும் தெரிந்துவிட்டது, உன் முகத்தில் அது தெரிந்ததை நான் பார்த்தேன். பிறகு மறுபடி குனிந்து, கையில் இருந்த கண்ணாடிக் குழாயின் மூடியைத் திருகினாய். அவசரமாகத் திருகவில்லை. மரை ஏறியதா என்று பார்த்துத் திருகினாய். அதைப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்தாய். பெட்டியைப் பூட்டினாய். பிறகுதான் எழுந்தாய்.

அந்த நேரத்தை என்னால் அளக்க முடியாது. நீ பிறந்த அன்று, நீ வெளியே வந்ததற்கும் அழுததற்கும் நடுவில் இருந்த நேரத்தையும் நான் அளக்கவில்லை. இரண்டும் ஒரே நீளம் என்று என் உடம்புக்குத் தெரியும்.

சத்தம் பிறகுதான் வந்தது. மாரியப்பன் பாறையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். நீ முதலில் கொடுத்தது பெட்டியை. அவர் அதை வாங்கித் திரும்பிப் பார்க்காமல் பின்னால் எறிந்துவிட்டு உன் மணிக்கட்டைப் பிடித்தார். நீ மேலே வந்து விழுந்தபோது உன் ஒரு கால் செருப்பும், இன்னொரு பெட்டியும், நீ குந்தியிருந்த பாறையும் இல்லை. சிவப்பாக, மரக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு, ஒரு வீதி அகலத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நீ மூச்சு வாங்கியபடி கேட்ட முதல் கேள்வி, "பெட்டி உடைஞ்சிருச்சா அண்ணாச்சி?"

மாரியப்பன் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, இவன் முழுசாத்தான் இருக்கானா?" என்று என்னைக் கேட்டார். சாப்பாட்டை அவருக்கும் பரிமாறினேன். கல்யாணப் பந்தியைத் தவறவிட்டதை அவர் பெருந்தன்மையோடு மன்னித்தார். உன் அப்பா மட்டும் தன் துண்டால் உன் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். உன் தலை நனையவே இல்லை.

அந்தக் குழாய்க்கு என்ன ஆயிற்று என்பதை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சில வாரங்கள் கழித்து நீ போன் செய்தாய். "அம்மா, அந்தக் குழியில என்னமோ இருக்கு. யாரும் எதிர்பார்க்காத ஒரு பொருள். கொழுப்பு இருக்கு, அதோட சேர்ந்து வேற ஒண்ணும் இருக்கு" என்றாய். சந்தேகம் தீர்க்க வேண்டிய வெற்றுக் குழாய்கள், அதாவது தண்ணீர் எடுக்காமல் அங்கே சும்மா திறந்து மூடிய குழாய்கள், வெள்ளத்தோடு போன பெட்டியில் இருந்தன. அதனால், அது வெளியிலிருந்து ஒட்டியதா என்று பார்க்க வழியில்லாமல், உங்கள் குழு கொஞ்ச நாள் தரையில் கால் படாமல் நடந்தது. பிறகு இன்னொரு போன். அந்தப் பொருள் எள்ளில் இருப்பது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நெற்றியைத் துடைத்த மணிக்கட்டு, மணிக்கட்டிலிருந்து குழாயின் விளிம்பு.

"நல்லெண்ணெய்ம்மா" என்றாய்.

நான் அப்பாவிடம் சொன்னேன். அவர், "செக்கு எண்ணெய்னு தெரிஞ்சுதா, இல்ல வெறும் எண்ணெய்னு மட்டுந்தான் தெரிஞ்சுதான்னு கேளு" என்றார்.

ஆக, உயிரின் தொடக்கத்தைத் தேடிப்போய் நீ உன் அப்பாவைக் கண்டுபிடித்தாய். உன்னளவில் அது பிழையான முடிவும் அல்ல. நீ சிரித்தாய், அவர் சிரித்தார், உன் குழுத்தலைவர்கூட அடுத்த முறை சீயக்காயும் கொண்டுவரச் சொன்னாராம். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த எண்ணெய்க்காகத்தான் நீ அங்கே நின்றாய் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அது எண்ணெயாக இல்லாமல் நிஜமாகவே எதுவாகவாவது இருந்திருந்தால் எனக்குச் சமாதானம் ஆகியிருக்குமா என்றும் கேட்டுப் பார்த்தேன். ஆகியிருக்காது. இதை உன் துறைக்கு அவமரியாதையாகச் சொல்லவில்லை. உலகத்தில் உயிர் எப்படி வந்தது என்பது பெரிய கேள்வி. உன் உயிர் எப்படி வந்தது என்பது எனக்கு நேரில் தெரியும். அதனால் எனக்கு அந்தக் கேள்வியில் பதற்றம் குறைவு.

ஐஸ்லாந்து என்று நீ சொன்னதும் நான் புத்தகங்களை எடுத்து உட்கார்ந்தேன். பயத்துக்குப் படிப்பு நல்லது என்பது என் நெடுநாள் நம்பிக்கை. இப்போது அது போய்விட்டது. அங்கே பனிமலைக்கு அடியில் எரிமலை இருக்கிறது. அந்தச் சூட்டில் பனி அடியிலேயே உருகி, தேங்கி, ஒரு நாள் உடைத்துக்கொண்டு வருமாம். குற்றாலத்திலாவது மேலே மழை பெய்ய வேண்டும், உச்சி கறுக்க வேண்டும். அங்கே அதுவும் வேண்டாம். நல்ல வெயிலிலும் வரும். இதற்கு அவர்கள் மொழியில் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது. ஒரு ஆபத்துக்கு ஒரு மொழியில் தனிச் சொல் இருக்கிறது என்றால் அது அடிக்கடி நடக்கிறது என்றுதான் அர்த்தம். வெந்நீர்க் குழிகளைச் சுற்றி, தரை மாதிரியே தெரிகிற, ஆனால் தரை இல்லாத ஓடுகள் இருக்கின்றன என்றும் படித்தேன். அங்கேதான் நீங்கள் குழாய்களோடு குந்தப்போகிறீர்கள். உன்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பிடித்தேன்.

"அங்க எல்லாம் முறையா இருக்கும்மா. எச்சரிக்கைக் கருவி இருக்கு. சைரன் அடிக்கும்."

"குத்தாலத்துலயுந்தான் மாரியப்பன் அடிச்சாரு."

"அம்மா..."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. சத்தம் கேட்டா, கையில இருக்கிறதைக் கீழ போட்டுட்டு வந்துருவியா?"

நீ உடனே சரி என்று சொல்லியிருக்கலாம். மற்ற பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். நானும் நம்பியிருக்க மாட்டேன், ஆனால் தூங்கியிருப்பேன். நீ யோசித்தாய். நீ யோசிப்பதைக் கேட்டுக்கொண்டு நான் போனைப் பிடித்திருந்தேன். பிறகு சொன்னாய்: "பொய் சொல்லக் கூடாதுல்லாம்மா. அந்த நேரத்துல கையில என்ன இருக்குங்கிறதைப் பொறுத்தது." உன்னை உண்மை பேச வளர்த்தோம் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்ததற்கு எனக்கு இது வேண்டும்.

கோபத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். உன்னிடம் சொல்லவில்லை, இப்போது எல்லாரோடும் சேர்த்துச் சொல்லுகிறேன். வனத்துறையில் விண்ணப்பம் கொடுத்து, காரணம் என்ற இடத்தில் 'சொந்த விஷயம்' என்று எழுதி, மாரியப்பனோடு அந்த ஓடைக்குப் போனேன். அப்பாவிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். அந்தக் குழிகளில் ஒன்றையாவது பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், அதில் ஒன்றுமில்லை என்று என் கண்ணால் தெரிந்துகொள்ள வேண்டும், பிறகு உனக்கு ஒரு நல்ல கடிதம் எழுத வேண்டும் என்பது திட்டம். ஒரு குட்டைத் தண்ணீருக்காகவா என்று தொடங்குகிற கடிதம். அதற்கு வாக்கியங்கள்கூட வைத்திருந்தேன்.

மாரியப்பன் மேட்டில் நின்றுகொண்டார். "என்ன மேடம், தம்பி எதையும் விட்டுட்டுப் போயிருச்சா?" என்றார். இல்லை, சும்மா பார்க்கத்தான் என்றேன். "இந்தக் குடும்பமே சும்மா பாக்கத்தான் வருது" என்றார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை; உட்கார்ந்து உட்கார்ந்து நடுப்பாறை வரைக்கும் போனேன். முந்தின நாள் பெய்த கோடை மழையில் ஒரு குழியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. கையளவு குழி. தண்ணீரின் மேல் மெல்லிதாக ஒரு படலம். வெயில் பட்டதும் அதில் நீலமும் சிவப்பும் ஓடின. ஒரு மரப்பூ விழுந்தது. படலம் கிழிந்தது. கிழிந்த இடம் அப்படியே நிற்கும் என்று நினைத்தேன். இல்லை. ஓரங்கள் மெதுவாக ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. நெருங்கி, கொஞ்சம் தயங்கி, சேர்ந்துகொண்டன. பூவைச் சுற்றித் தனியாக ஒரு வட்டம் மூடிக்கொண்டது. உள்ளே, வெளியே. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் ஒரு குச்சியை எடுத்து அதை மறுபடி கிழித்தேன். மறுபடி சேர்ந்தது. இன்னும் குனிந்தேன்.

"மேடம், வாங்க. மேல கறுக்குது."

எனக்குக் கேட்டது, ஐயா. இதை நீ நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று உன் முகத்தைப் பார்த்திருந்தும், உனக்கு முழுசாகக் கேட்டிருக்காது என்று நான் ஒரு வருடம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் நடப்பதில்லை. தெளிவாகக் கேட்டது. கறுப்பது என்றால் என்ன என்பதும் தெரிந்தது. அந்த வட்டம் இந்த முறையும் சேருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்று இருந்தது. "இந்தா வாறேன்" என்றேன். அவர் மறுபடி கூப்பிட்டார். "இந்தா" என்றேன். பிறகு என் தோளுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டை தெரிந்தது. அவர் இறங்கி வந்து என் புஜத்தைப் பிடித்துத் தூக்கினார். "பையனுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது. நடங்க" என்றார்.

வெள்ளம் வரவில்லை. கறுத்தது கலைந்துவிட்டது. வந்திருந்தால் இந்தக் கடிதத்தை உன் அப்பாதான் எழுதியிருப்பார். மருந்துக் கடைக்காரர் கையெழுத்தில் நீ எதையும் தெரிந்துகொண்டிருக்க மாட்டாய். வீட்டுக்கு வந்து, பல் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதற்குப் பரவாயில்லை என்றேன். இத்தனை நாளும் உன்னை நினைத்துத்தான் பயந்தேன். அந்தப் பயத்துக்கு ஒரு சௌகரியம் இருந்தது: நீ புத்தி இல்லாமல் செய்கிறாய், எடுத்துச் சொன்னால் திருந்துவாய். அந்தச் சௌகரியம் போய்விட்டது. ஓய்வு பெற்ற, முழங்கால் வலிக்கிற, வெள்ளத்தைக் கண்ணால் பார்த்த ஒருத்தியே எழுந்திருக்கவில்லை. நீ எப்படி எழுந்திருப்பாய்? அந்தக் குழியில் இருந்தது ஒன்றுமில்லாதது இல்லை. நான் பார்த்தேன். அதனால்தான் இப்போது எனக்கு முன்னைவிட அதிகப் பயம்.

ஆகவே நீ எனக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். என்னாலேயே காப்பாற்ற முடியாத வாக்கு அது. போகாதே என்றும் சொல்லவில்லை. உங்கள் குழுவின் புகைப்படத்தை அனுப்பியிருந்தாய். எல்லாரும் படித்தவர்கள், எல்லாருக்கும் கண்ணில் அதே ஆசை. அங்கே போனதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்துகொண்டிருப்பீர்கள். மாரியப்பன் உன்னைக் காப்பாற்றியது அவருடைய அனுபவத்தால் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லுகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்குச் சலிப்பாக இருந்தது, பசித்தது, வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் அவர் குழியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஒருவரைக் கூட வைத்துக்கொள். வண்டி ஓட்டுகிறவரோ சமைக்கிறவரோ யாராக இருந்தாலும் சரி. உயிர் எப்படி வந்தால் எனக்கென்ன என்று இருக்கிற ஆளாக, உன் புஜத்தைப் பிடித்துத் தூக்கும் பலம் உள்ள ஆளாகப் பார்த்துக்கொள். அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடு. நீ குனியும்போது அவர் நின்றுகொண்டிருக்கட்டும். என்றைக்காவது பொழுது போகாமல் அவர் உன்னிடம் வந்து, இந்தத் தண்ணீரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பார். தயவு செய்து சொல்லிவிடாதே, ஐயா. நீ நன்றாக விளக்குகிறாய். கேட்டால் அவரும் குனிந்துவிடுவார்.